நழுவல் சந்தின் பொத்தான்காரி

நழுவல் சந்து என்று எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுதியிருக்காது. பலகையில் செத்துப்போன யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயர் இருக்கிறது. அவர் என்ன செய்தார் என்று மியூனிக்கில் யாருக்கும் தெரியாது. சந்து என்ன செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சதுக்கத்து ஓரத்தில், கட்சிக்காக உயிர்விட்டவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். பக்கத்துக்கு ஒருவராகக் கறுப்பு உடுப்புக் காவலர் இருவர். அவர்கள் கண் சிமிட்டியதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு, நான் நம்பவில்லை. அந்த வழியே போகிறவர் வலது கையை நீட்டி உயர்த்தி மரியாதை செய்தாக வேண்டும். சைக்கிளில் போனாலும் சரி, முட்டைக்கூடையோடு போனாலும் சரி, பல்வலியோடு போனாலும் சரி. பலகைக்குச் சற்று முன்னால் இடதுபக்கம் திரும்பினால் சந்து. சந்து வழியாகப் புகுந்து அடுத்த தெருவில் வெளியே வந்துவிட்டால், பிறந்தபோது இருந்த மாதிரியே தொங்கிக்கொண்டிருக்கும் கையோடு வீடு போய்ச் சேரலாம்.

அந்தச் சந்தின் நடுவில்தான் கிரெஸென்ஸியா ஹின்டர்மாயரின் பொத்தான் கடை. ஊருக்கு அவள் ஸென்ஸி. கணவன் பெரிய போருக்குப் போய்த் திரும்பி வராததால் மாமியாரின் கடை அவளுக்கு வந்தது. பெரிய ஜன்னல் கிடையாது, வெயில் எட்டிப் பார்க்காது, வியாபாரமும் அப்படித்தான். பொத்தானைச் சும்மா கையில் கொடுக்க மாட்டாள். ஒரே ஒரு சட்டைப் பொத்தான் வாங்கினாலும் வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து, மூன்று மூலையையும் உள்ளே செருகி, பொட்டலமாகத்தான் தருவாள். அந்த மடிப்பு வேறு யாருக்கும் வராது. தூக்கிப் போட்டாலும் பிரியாது.

நினைவுப் பலகை வந்ததும் அவளுக்கு யோகம் அடித்தது. சந்துக்குள் நுழைந்தவனிடம் யாராவது "இங்க என்ன வேலை?" என்று கேட்டால் பதில் வேண்டாமா? பொத்தான் வாங்க வந்தேன் என்று பொட்டலத்தைக் காட்டலாம். ஆக ஸென்ஸி விற்றது பொத்தான் அல்ல, பதில். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் பொத்தான் அறுந்த சட்டையோடு ஒருவன் நடமாடவில்லை. சிலர் கோட்டில் தைக்க இடமில்லாமல் உள்பக்கம் தைத்துக்கொண்டார்கள்.

"என்ன ஸென்ஸி, கூட்டம் அள்ளுது! ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல பொத்தான் தெறிச்சுப்போச்சா?" என்பாள் எதிர்ப்புறத்துப் பால்கடை வால்புர்கா.

"குளிர்காலம்ல. எல்லாரும் கொஞ்சம் பெருத்துட்டாங்க."

"எதைத் தின்னு?"

"உன் வெண்ணெயைத் தின்னுன்னு சொல்லலாம்னு பார்த்தேன். அதுதான் உன் கடையிலயே இல்லியே."

இப்படிச் சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் தோளுக்கு அப்பால் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். இடது தோள், வலது தோள். அப்போது எங்கள் எல்லோருக்கும் இருந்த வியாதி அது. தும்முவதற்கு முன்னால்கூடத் திரும்பிப் பார்த்தோம்.

தினம் சந்தில் வருகிறவர்களில் ஸென்ஸியின் தம்பி க்விரினும் ஒருவன். அவளோடு அவள் வீட்டில்தான் இருந்தான். பெண்கள் பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுப்பவன். முதலில் வலது கையில் வயலின் பெட்டி, இடது கையில் பாட்டுப் புத்தகங்கள் என்று சுமந்துகொண்டு சதுக்கம் வழியாகவே போய்ப் பார்த்தான். காவலர் ஒருவர், "கீழ வைங்க சார், நாங்க பார்த்துக்கறோம்" என்று அன்பாகச் சொன்ன நாளிலிருந்து சந்துக்கு மாறினான். பள்ளியில் அவன்மேல் புகார் ஏற்கெனவே போயிருந்தது. இன்னொரு தடவை சிக்கினால் வேலை போகும். வேலையோடு நிற்காது; டாஹாவ் கைதி முகாமுக்கு ரயில் ஏற்றுவார்கள். அந்த ஊருக்குப் போகும் ரயிலில் திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"டேய், ஒரு நிமிஷம் தூக்கி இறக்கினா கை என்ன தேஞ்சா போயிடும்?" என்று கேட்பாள் அக்கா.

"வலிக்குதுக்கா."

"வயலின் வாசிக்கறப்போ மட்டும் வலிக்காதோ?"

"அது வேற தூக்கு. நீ தூக்குவியா?"

"நான் ஏன்டா தூக்கணும்? என் கடையே சந்துக்குள்ளதானே இருக்கு."

ஸைட்லர் என்றொரு பெரியவரும் வருவார். ஒல்லி, சுத்தமான காலர். தினம் ஒரே ஒரு கறுப்புப் பொத்தான். ஆலங்கட்டி மழை அடித்தாலும் "இன்னைக்கு நல்ல நாள்மா" என்பார். மனைவியை இழந்தவர், துக்கக் கோட்டை ஒவ்வொரு பொத்தானாகத் தைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஸென்ஸி தானாகவே ஒரு கதை கட்டி, அதை நம்பியும் விட்டாள்.

ஒரு காலையில் சாம்பல் தொப்பி வைத்த ஒருவர் கடைக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, எங்கள் பக்கத்துப் பழைய வழக்கப்படி, "கடவுள் காக்கட்டும்" என்றார். கட்சி வணக்கம் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தேவையில்லாத இடத்தில் இருக்கிறவர்கள் மட்டும்தான் அப்படிச் சொல்லாமல் இருக்கத் துணிவார்கள்.

"என் பேர் லெஹ்னர். உங்க பொட்டலத்தைப் பத்தி ஊரே பேசுது. ஒரு சின்ன உதவி."

ஒரு கட்டுப் பச்சைக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். பொத்தான் தேவைப்பட்டு வாங்குகிறவருக்கு வழக்கம்போல வெள்ளை. சந்துக்காக வாங்குகிறவருக்குப் பச்சை. அவ்வளவுதான். சந்தின் முனையில் ஆட்கள் நிற்பார்கள்; மற்றது அவர்கள் பாடு.

"யாருக்கு எதுன்னு எனக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"உங்களுக்குத்தான்மா தெரியும்" என்று லெஹ்னர் சிரித்தார். நல்ல பல்வரிசை.

ஸென்ஸி என்ன செய்தாள்? எல்லோருக்கும் வெள்ளையே மடித்துக் கொடுத்தாள். பச்சைக் கட்டு மேஜைக்கு அடியில் கிடந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வெள்ளையை எடுக்கப் போகும் கை, ஒரு கணம் கீழே தயங்கியது. வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்தார்கள். எதைப் பார்த்தோம் என்று அவர்களுக்கு அப்போது புரியவில்லை.

வாரக் கடைசியில் லெஹ்னர் வந்தார்.

"ஒரு பச்சைகூட வரலையேம்மா. ஊர் முழுக்க இவ்வளவு விசுவாசமா? எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு." கைக்குட்டையால் மேஜையைத் துடைத்தார். "உங்க தம்பி தினம் வெள்ளைப் பொட்டலத்தோட போறாராம். வாத்தியாருக்கு எத்தனை கோட்டுங்க இருக்கும்?"

ஸென்ஸி மேஜைமேல் கிடந்த பொத்தான்களை டப்பாவுக்குள் தள்ளினாள்.

"நாளைக்கு ஒரே ஒரு பச்சை போதும். அப்புறம் தம்பியோட கோட்டுங்களை நான் எண்ணமாட்டேன். கடவுள் காக்கட்டும்."

மறுநாள் காலையிலிருந்து கதவுமணி அடிக்கும்போதெல்லாம் அவள் வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்தாள். தச்சன் வந்தான், அவனுக்கு ஐந்து பிள்ளைகள், வெள்ளை. மருத்துவச்சி வந்தாள், வால்புர்காவின் பேத்தியை எடுத்தவள், வெள்ளை. எல்லோருக்கும் யாராவது இருந்தார்கள். மத்தியானம் ஸைட்லர் வந்தார். அவருக்கு யாரும் இல்லை. அப்படித்தான் அவளுடைய கதையில் இருந்தது.

"இன்னைக்கு நல்ல நாள்மா. கறுப்பு, ஒண்ணு."

மூன்று மூலைகளும் உள்ளே போயின. ஸைட்லர் பொட்டலத்தை வாங்கி, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பச்சை அழகா இருக்கு" என்றார். "வெள்ளை சீக்கிரம் அழுக்காயிடுது."

கதவுமணி ஆடி நின்றது. சந்தில் அவருடைய காலடி கேட்டது, முனைவரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. கத்தல், ஓட்டம், எதுவும் இல்லை. ஓர் ஆள் கரைவதற்கு அவ்வளவு சத்தம்கூடத் தேவையில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று க்விரின் வழக்கம்போல வந்து, வெள்ளைப் பொட்டலத்தோடு போனான். யாரும் அவனை நிறுத்தவில்லை.

சாயங்காலம் வால்புர்கா ஒரு கறுப்புப் பொத்தானைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "சாக்கடை ஓரத்துல கிடந்தது. உன்னோடதுதானே?" காகிதத்தை எடுத்துக்கொண்டு பொத்தானை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பிப் போகக் குனிந்து பால்கேனைத் தூக்கியவள், மேஜைக்கு அடியில் பச்சைக் கட்டைப் பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சு ஸென்ஸி?"

"காகிதம் தீர்ந்துபோச்சுன்னு..."

"ஓ" என்றாள் வால்புர்கா. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னாள். இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து லெஹ்னர் வந்தபோது அவர் முகம் தொப்பியின் நிறத்தில் இருந்தது.

"ஸைட்லருக்கு ஏம்மா கொடுத்தீங்க?"

"நீங்கதானே ஒண்ணு கேட்டீங்க?"

"அவர் எங்க ஆள்மா! நீங்க யாருக்கு எதைக் கொடுக்கறீங்கன்னு பார்க்கத்தான் தினம் அனுப்பினோம்."

ஸென்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப விட்டுடுங்களேன், ஐயா."

"எப்படி விடறது? பச்சையோட பிடிபட்டிருக்கார். பச்சைன்னா நழுவறவர்னு மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். இப்ப இவர் மட்டும் இல்லைன்னு சொன்னா, அப்புறம் காகிதத்துக்கு என்ன மரியாதை? நேத்து ரயில்ல ஏத்திட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "போகும்போதும் 'நல்ல நாள்'னுதான் சொன்னாராம்."

லெஹ்னர் இடது தோளுக்கு அப்பால் பார்த்தார். வலது தோளுக்கு அப்பால் பார்த்தார். பிறகு தன் கோட்டைத் தடவினார். அதில் எல்லாப் பொத்தான்களும் இருந்தன.

"எனக்கு ஒரு பொத்தான் கொடுங்கம்மா" என்றார்.

ஸென்ஸி ஒன்றை எடுத்தாள். லெஹ்னரின் கண்கள் அவள் முகத்தில் இல்லை, கையில் இருந்தன. அந்தக் கை அவ்வளவு மெதுவாகக் கீழே இறங்கியதே, அதை அவள் வேண்டுமென்றே செய்தாளா என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளை வந்தது. லெஹ்னர் மூச்சு விட்டார், மனமார நன்றி சொன்னார், அதன்பிறகு சந்துக்குள் கால் வைக்கவில்லை.

வேறு யாரும் வைக்கவில்லை. சந்தை அடைக்கச் சுவர் கட்டவில்லை, தடை போடவில்லை, முனையில் நின்ற ஆட்களைக்கூட எடுத்துவிட்டார்கள். தேவைப்படவில்லை. தச்சனும் மருத்துவச்சியும் சதுக்கம் வழியாகப் போய்க் கை தூக்கினார்கள். ஒரு கை தூக்கினால் முடிந்தது. இந்தப் பெண்பிள்ளை எந்தக் காகிதத்தை எடுப்பாளோ என்று நிற்க வேண்டியதில்லை. கடைக்குள் ஸென்ஸிக்குச் சுவர் வழியாகக் காவலர் மாறும் குதிகால் சத்தம் மட்டும் கேட்டது.

க்விரினும் வருவதை நிறுத்திவிட்டான். ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள்.

"எந்த வழியா வர்றே?"

"சதுக்கம்."

"கை?"

"தூக்கறேன்." கொழுக்கட்டை சூப்பை ஊதினான். "நீ சொன்னது சரிதான்க்கா. தேயல."

"உனக்காகத்தான்டா செஞ்சேன். நீ ஒருத்தன் இருக்கணும்னுதான்."

"தெரியும்க்கா" என்றான் உடனே. "ரொம்ப நன்றி." லெஹ்னர் சொன்ன அதே குரல். அக்காவிடம் அவன் இதுவரை நன்றி சொன்னதே கிடையாது.

அந்த வாரமே ஒரு நாள் அவள் கடையைச் சீக்கிரம் பூட்டினாள். க்விரினின் பழைய கோட்டுக்கு மான்கொம்புப் பொத்தான்கள் எடுத்து மடித்து வைத்திருந்தாள். அவன் நிஜமாகவே பொத்தானில்லாமல் நடந்துகொண்டிருந்தான். அன்றுதான் முதல்முறையாக அவளும் சதுக்கம் வழியாகப் போனாள். விளக்கு ஏற்றும் நேரம். பலகைக்கு முன்னால் தம்பி நின்றிருந்தான். வயலின் பெட்டி தரையில், கை நேராக, மிக அழகாக. வில் பிடித்த கை அல்லவா.

அவனுக்குப் பின்னால் போய் நின்று ஸென்ஸியும் வலது கையை உயர்த்தினாள். பொட்டலம் அந்தக் கையில்தான் இருந்தது. கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"டேய் க்விரின்" என்றாள் மெதுவாக.

அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உயர்ந்திருந்த கையைப் பார்த்தான், விரல்களுக்கு நடுவே இருந்த காகிதத்தைப் பார்த்தான். அந்த மங்கலில் எந்த நிறமும் சாம்பலாகத்தான் தெரியும். பெட்டியை எடுக்காமலே, காவலர் நின்ற பக்கமாக ஓர் அடி நகர்ந்தான்.