கரும்பலகைக்கு ஓர் உபயகாரர்

கொட்டாஞ்சேனையில் நான் படித்த பள்ளிக்கூடம் ஒரே ஒரு மண்டபம். ஐந்து வகுப்புகளும் அதற்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் பார்த்து இருக்கும். கட்டடம் நூறு வருடத்தைத் தாண்டிவிட்டதால் உட்புறத்தைப் பழையபடி திருத்துவதென்று பழைய மாணவர் சங்கம் தீர்மானித்தது. வேலையைப் பார்க்க வெள்ளவத்தையிலிருந்து பதினொரு தடவை பஸ் ஏறிப் போனேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

சிவப்புச் சீமெந்துத் தரையை மூடி, குளியலறைக்குப் போடுகிற டைல்ஸ் பதித்திருந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் பத்தொன்பது வாங்குகளிலும் பாகு காய்ச்சி ஊற்றியது போல வார்னிஷ். எல்லாவற்றையும் விட மோசம், உபயம். தன் பெயரை எழுதாமல் நம்மவர் ஓர் ஆணியும் கொடுக்கமாட்டார். எட்டு மின்விசிறிகளின் சிறகுகளிலும் பெயர். ரியூப் லைட்டில் குடும்பம் முழுவதையும் எழுதி, வெளிச்சம் வருவதற்கு மூன்று அங்குலம் விட்டிருந்தார்கள். குப்பைக்கூடைகூட யாரோ காலஞ்சென்றவரின் நினைவாக.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: மேற்குச் சுவரிலேயே கறுப்புப் பூசி உண்டாக்கிய பலகை. நான்கு அடிக்கு ஒன்பது அடி. நெடும் வகுத்தலை அதன் முன்னால் நின்று அழுது அழுதுதான் படித்தேன். அன்றிருந்தபடி மிஞ்சியிருந்தது அது மட்டுமே. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, உபயகாரர் பெயர்கள் பொறித்த மாபிள் கல்லைப் பதிக்கப்போவதாகச் சங்கத் தலைவர் சொன்னார். இரும்புக்கடைக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"தம்பி, பழையபடி திருத்திறது எண்டுதானே தீர்மானம்?"

"ஓம் அண்ணை. ஆனா சல்லி தந்த சனத்தின்ரை பேரை எங்கை போடுறது? உங்கடை தலையிலையோ?"

"கூரையிலை போடுங்கோ. அதிலைதான் இன்னும் ஒருத்தரின்ரை பேரும் இல்லை."

"கீழை நிண்டு வாசிக்கேலாது அண்ணை. சண்டைக்கு வருவினம்."

கொத்து வேலைக்கு வந்த மேசன் பாஸ் உளியோடு நின்றார். உடைக்கட்டுமா என்று தலைவரிடம் சிங்களத்தில் கேட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். மூலையில் கறையான் தின்ற ஓர் அலுமாரி நின்றது. கதவுமில்லை, தட்டுமில்லை. நெற்றியில் யாருடைய பெயரோ எழுதியிருந்ததால் அதை ஒருவரும் தொடவில்லை.

"நில்லுங்கோ," என்றேன். "இந்தப் பலகை என்ரை உபயம். ஐயாவின்ரை நினைவா நான் திருத்திறன்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே! ஐயாவின்ரை பேர் இருக்கிறதை ஆர் உடைப்பினம்?" மாபிளை வாசல் பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னார். என்னைப் பெற்ற ஐயா அந்தப் பள்ளிக்கூடத்துப் படியையே மிதித்தவரல்ல.

அடுத்த வாரம் பலகையில் இருந்த பதினேழு வெடிப்புகளையும் அடைப்பித்தேன். பலகையின் கீழே மஞ்சள் பெயின்றில் உபயம் என்று எழுதி, ஐயாவின் பெயரையும் அதற்குக் கீழே சிறிதாக என் பெயரையும் போட்டார்கள். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

திறப்பு விழாவன்று தலைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கடை பேரைக் கொஞ்சம் பெரிசாப் போட்டிருக்கலாம் அண்ணை."

சனியன், எனக்கும் அப்படித்தான் பட்டது.