மூன்று விரல் பள்ளம்

போன செவ்வாய்க்கிழமை, மரக்கிளை கழிக்கிற கவாத்துக் கத்தி ஒன்று என் மேசைக்குத் திரும்பி வந்தது. ஏற்காட்டுத் தொரையின் மகன் முப்பது கத்திகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். விற்கப் போகிறார்களாம், மதிப்பீட்டுச் சான்று வேண்டுமாம். மற்றதெல்லாம் அப்புறம், இந்த ஒன்றைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வலக்கைக்காரரின் கத்தியில் தீட்டிய சரிவு வலப்பக்கம் இருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். இதில் சரிவு இடப்பக்கம். ஆனால் பிடிதான் பழைய பிடி இல்லை. வழவழவென்று புதுத் தேக்கில் போட்டிருந்தார்கள். இதனால் விலை கூட வருமா என்று மகன் கேட்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இருபது வருடத்துக்கு முன் இதே கத்தியை எனக்குக் காட்டியவர் சார். சேலத்தில் பழம்பொருள்களுக்கு மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தவர். நான் அவரிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கண்ணில் புரை விழுந்து, எழுத்தெல்லாம் மங்கலாகத்தான் தெரியும் அவருக்கு. அதனால் எதையும் முதலில் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார். உரிமையாளர் சொல்லும் கதையை அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். ஒரு பொருளைப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார். இந்தப் பிடிவாதத்தால் வாடிக்கையாளர்கள் பலர் அவரை விட்டுப் போனார்கள். எனக்கு அவர்மேல் பயமும் உண்டு, பிரியமும் உண்டு.

தொரை என்பது மலையில் எஸ்டேட் முதலாளிகளை நாங்கள் சொல்லும் பெயர். இந்தத் தொரை பங்களாவில் ஓர் அறை முழுக்கக் கத்திகளை மாட்டி வைத்திருந்தார். அந்த அறையை வேலைக்காரர் யாரும் திறக்கக் கூடாது. அவரே பூட்டுவார், அவரே பெருக்குவார். காப்பீட்டுக்காக மதிப்புப் போட எங்களை அழைத்திருந்தார். எல்லாக் கத்திகளிலும் மலை ஈரத்தில் பிடித்த கறை இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. அதை யாரோ மணல் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தார்கள். "அது சும்மா உள்ளூர்க் கத்திங்க, அத உட்டுருங்க" என்றார் தொரை. சார் கையை நீட்டினார்.

எருமைக் கொம்பில் செய்த பிடி. வலக்கையில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. இடக்கைக்கு மாற்றினார். நான்கு விரல் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. சற்று யோசித்துவிட்டுச் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டார். பிடி அவர் கையில் அப்படியே உட்கார்ந்தது. அந்தக் காலத்துக் கொல்லர் ஒருவர், கத்தி கேட்டு வருகிறவரிடம் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொல்வாராம். அந்த அச்சைப் பார்த்துக் கொம்பைச் செதுக்குவாராம். இன்னொருவர் கைக்கு அது ஆகாது என்று சார் விளக்கினார். என்னிடம் படம் எடுக்கச் சொல்லி, விரலை மடக்கியபடியே கையைக் காட்டினார். தொரை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

காப்பித் தம்ளர்களை வாங்க நான் கதவுக்கு வெளியே வந்தேன். சமையல்காரம்மா தட்டோடு நின்றிருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. கதவு இடுக்கில் சாரின் முதுகும் மடங்கிய விரலும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும், கத்தி தெரிந்திருக்காது. அவர் சிரித்தபடி சொன்னார்: "ஏனுங்க சாமி, உங்க சாரு கைய வெச்சிருக்கறது எங்க ஊட்டுக்காரராட்டமே இருக்குதுங்க. அவருக்கும் இடக்கைல சுண்டு வெரலு இல்லீங்க."

கணவர் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கவாத்து செய்கிறவராம். கூலிச் சண்டைக்குப் பிறகு கேரளாவுக்குப் போய்விட்டதாகத் தொரை சொன்னாராம். இரண்டு வருடமாகிறது, தகவலே இல்லை. தொரைதான் பாவம் பார்த்துத் தன்னைச் சமையலுக்கு வைத்துக்கொண்டார் என்றார். காலில் மெட்டி பளிச்சென்று இருந்தது. தட்டை வாங்கிக்கொண்டேன். மரமேறிப் பிழைக்கிறவர் தன் கைக்கென்று செய்த கத்தியை விட்டுவிட்டு வேலை தேடிப் போவாரா?

நான் திரும்பியபோது தொரை கதவருகே வந்திருந்தார். என் தோளில் கை வைத்து மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, நீ வெள்ளக்கடை ஊருதான? உங்கப்பாரு இன்னும் நம்ம லைன் ஊட்லதான இருக்காரு? இருக்கட்டும், இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னார். எஸ்டேட் தொழிலாளர்களுக்கென்று தொரை கொடுத்திருந்த அந்த லைன் வீட்டை விட்டால் அப்பாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் தொரை கை வைத்த தோளைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அந்த அம்மா சொன்னதைச் சாரிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

மறுநாள் சார் வாக்கியத்தைச் சொல்ல நான் அடித்தேன். "இடக்கைக்காரரான, சுண்டுவிரல் இல்லாத ஒருவருக்காகவே செய்யப்பட்டது." மற்ற எல்லாவற்றுக்கும் விலைக்குமுன் யாருக்காகச் செய்தது என்று எழுதினோம், இதற்கும் எழுதத்தான் வேண்டும் என்றார். அந்த வரியை மட்டும் நான் அடிக்கவில்லை. "உள்ளூர்க் கத்தி, விவரம் இல்லை" என்று அடித்தேன். சார் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நீ அடிச்சாச் செரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். அதை நம்பியபடியே இறந்தும் போனார். இதைவிடக் கேவலமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

என் அப்பா இறந்து பல வருடமாகிறது. லைன் வீடுகளையும் இடித்துவிட்டார்கள். எனவே இப்போது உண்மையை எழுதுவதில் எனக்கு எந்த வீரமும் இல்லை. நேற்று அந்த வரியை, சார் சொன்னபடியே, எழுத்துக்கு எழுத்து அடித்தேன். சாரின் மடங்கிய விரல் தெரியும் பழைய புகைப்படத்தையும் இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். கத்தி கொலையைச் சொல்லாது. அந்த மனிதர் கேரளாவுக்குப் போகவில்லை என்பதை மட்டும் சொல்லும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் படத்தோடு ஏற்காட்டுக்குப் போகிறேன், அந்த அம்மாவிடம் காட்ட. இன்று கத்தியை இடக்கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். புதுப் பிடியில் எல்லா விரலுக்கும் இடம் இருந்தது. பிடியை மாற்றச் சொன்னது தன் அப்பாதான் என்று மகன் அன்று சொல்லியிருந்தார். தொரை எப்படி இருக்கிறார் என்று அப்போது கேட்டிருந்தேன். "ஒண்ணும் நெனப்புல இல்லீங்க, படுத்தபடிக்கே இருக்காரு. அந்தக் காலத்துலருந்தே இருக்கற சமையக்காரம்மாதான் மூணு வேளையும் சோறு ஊட்டி உடறாங்க. பெத்த தாயாட்டம் பாத்துக்கறாங்க" என்றார்.