காகம் தொடாத சோறு

"இந்திராணி அக்கா போயிட்டாங்க லா, தங்கச்சி." பாகான் டாலாமிலிருந்து அவருடைய தம்பி முருகையா அண்ணன் போன் செய்தபோது நான் பினாங்குத் தீவில், கெலுகோரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. தலைகூடச் சாயவில்லையாம்.

லிட்டில் இந்தியா துணிக்கடையில் எங்களோடு வேலை பார்த்த தோழிகளே, உங்களுக்கு அவரைத் தெரியும். "காசு இல்லாதவ ஏழை இல்லடி. கை நீட்டுறவதான் ஏழை" என்பார். வாசலில் கையேந்துகிறவருக்கு ஒரு வெள்ளிகூடக் காசு போடமாட்டார். "எந்திரிங்கண்ணே, உள்ள வந்து மூட்டையத் தூக்குங்க" என்பார். சிலர் தூக்கிக் கூலி வாங்கிப் போனார்கள். ஒருவர் தூக்க முடியாமல் உட்கார்ந்து அழுதார். அக்கா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

கடைசியில் நோய் வந்து முற்றிய பிறகு பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுபோனால் கதவைத் திறக்கவே மாட்டாராம். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. வீம்புக்கும் ஓர் அளவில்லையா? ஆனால் யாரைத் திட்டுவது? நம் கடையை நிரந்தரமாக மூடியபின் நானும் வேலையில்லாததை மறைத்து, வெறும் தேநீரில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். யாரிடமும் கை நீட்டாமல் இருப்பதுதான் அக்கா சொன்ன பலம் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் படையலுக்கு அவருடைய அடுக்குமாடி வீட்டு நடைச்சுவரில் காகத்துக்குச் சோறு வைத்தோம். காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடவேண்டும். எதிர்க் கூரையில் காகங்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்றும் கரையவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன குறைக்கா? சொல்லுக்கா!" என்று அண்ணன் கும்பிட்டு அழுதார். வெயில் ஏறியது. எனக்குக் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தேன்.

"நீ எப்பம்மா சாப்பிட்ட?" என்று அண்ணன் கேட்டார்.

"வேலை இல்லண்ணே. வீட்டுல அரிசியும் இல்ல." எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"ஐயோ, சொல்லக்கூடாதா? காகம் கிடக்கட்டும், நீ மொதல்ல சாப்பிடு!" என்று அவர் சோற்றைப் பிசைந்து நீட்டினார்.

"கை நீட்டாதடி." காதுக்குப் பின்னால் அக்கா குரல் தெளிவாகக் கேட்டது. திரும்பினேன். யாரும் இல்லை. இரண்டு கையையும் நீட்டினேன். முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போது சுவரில் சிறகடிப்புக் கேட்டது. ஒரு காகம் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

அந்தக் குரல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இருக்கட்டும், அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அது அதட்டும்போதெல்லாம், "பசிக்குதுக்கா" என்று சொல்லிவிடுகிறேன்.