ரஷீதா அக்கா தேடச் சொன்ன சீட்டுக் கம்பி

ரயில் பேரணி ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சாவுச் செய்தி வந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து காதர் பாய் போனில் பேசினார். ரஷீதா அக்காவின் அண்ணன்.

"தங்கச்சி மவுத்தாயிட்டாம்மா. காலைத் தொழுகை நேரத்துல. உங்க ரயில் ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

பெண்கள் பெட்டியில் அப்போதுதான் யாரோ மல்லாட்டைக் கடலை உரித்துச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். நான் சொன்னதும் கைகள் நின்றன. எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். கதவோரம், ஜன்னல் கம்பிக்குக் கீழே, அக்கா தன் மூட்டையைச் சாய்த்து வைக்கும் இடம். அவர் நோயில் படுத்த பிறகும் அந்த இடத்தில் யாரும் கூடையோ பையோ வைத்ததில்லை. வைக்கக்கூடாது என்று பேசி முடிவு செய்ததும் இல்லை.

ரஷீதா பேகம் விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்தில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்தார். பிறந்தது கோட்டக்குப்பம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட, பிள்ளைகளும் இல்லாமல், திண்டிவனத்து வீட்டிலேயே தனியாக இருந்தார். "எங்க கூட வந்து இரேன்" என்று அண்ணன் கூப்பிடாத பெருநாள் கிடையாது. அவர் போகவில்லை. காலையில் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய், மாலையில் அதே போலத் திரும்பி, தன் வீட்டுப் பூட்டைத் தன் சாவியால் திறப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைச் சுமந்தது ஒரு மடக்கு சைக்கிள்.

நான் அந்தப் பெட்டியில் முதன்முதலாக ஏறிய அன்று, என் முழங்காலில் இடித்ததுதான் அதன் அறிமுகம். பூப்போட்ட பழைய பெட்ஷீட்டில் சுற்றிய மூட்டை. உள்ளே இரும்பு. நான் முகத்தைச் சுளித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த குட்டையான அம்மா, "கடிக்காது, கட்டித்தான் வச்சிருக்கேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்து மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, தையல் மிஷினா?"

"ஆமா சார். ஓடுற தையல் மிஷின்."

விழுப்புரத்தில் இறங்கியதும் அக்கா அதை ஸ்டேஷன் வாசலில் வைத்து அவிழ்த்தார். நடுவில் இருந்த கீலைத் திறந்து, ஹேண்டிலை நிமிர்த்தி, திருகைப் பிடித்து இறுக்கினார். பிறகு துணி காயப்போடும் கிளிப் இரண்டை எடுத்து, செயினில் மாட்டாதபடி தன் கறுப்பு ஃபர்தாவின் ஓரத்தைக் கணுக்காலுக்கு மேலே பிடித்து வைத்தார். ஒரு கிளிப் நீலம், ஒன்று ரோஸ். நான் ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் மடியில் உட்காராத குறையாக ஏறி, அதே வளாகத்தில் இருக்கும் என் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது, அவர் வண்டியை மடக்கி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த சைக்கிள் குவைத்திலிருந்து காதர் பாய் கொண்டுவந்தது. அவர் வேலை பார்த்த வீட்டு முதலாளி ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது கொடுத்தாராம். அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. எந்த நாட்டில் செய்தது என்பதுகூடத் தேய்ந்துபோயிருந்தது. ஓடும்வரை ராஜா. ஒரு சாமான் போய்விட்டால் பேஜார்தான். இங்கே அதற்கு மாற்று எதுவும் கிடைக்காது.

நான் பழகத் தொடங்கிய பிறகு முதலில் போனது பின் டயர். பக்கத்தில் பதினாறு அங்குலம் என்று தெளிவாக எழுதியிருந்தது. திண்டிவனம் கடையில் குழந்தைகள் சைக்கிளுக்கு உள்ள பதினாறு அங்குல டயரை வாங்கினோம். கடைக்காரர் ஒரு பக்கம் காலால் மிதித்து, மறு பக்கம் லீவரைப் போட்டு நெம்பி, வியர்த்து ஊற்றி, கடைசியில் வெளியே எறிந்தார்.

"யம்மா, அதுவும் பதினாறு, இதுவும் பதினாறு. ஆனா ஒண்ணுக்கொண்ணு ஆவாது. சம்பந்தி சண்டை மாரி கீது."

பிறகு எங்கள் பெட்டியே தேடியது. மயிலத்தில் ஏறும் நர்ஸ் தன் அண்ணனிடம் சொன்னார், அவர் வானூரில் கட்டட வேலை பார்ப்பவரிடம் சொன்னார். அந்தப் பக்கம் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் இதேபோல் ஒரு சின்ன வண்டி சும்மா கிடந்தது. அதன் டயர் பொருந்தியது. அது வரும்வரை அக்கா காலையும் மாலையும் நடந்தார். ஆட்டோவில் வாருங்கள் என்றால், "பழகிட்டா அப்புறம் அதுக்காகக் காத்துக்கினு நிக்கணும்டி" என்பார்.

காத்துக்கொண்டு நிற்பது என் வேலை. மாலையில் திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று என் வீட்டுக்காரரை எதிர்பார்ப்பேன். அவர் உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கடிகாரம் மட்டும் வேறு. போன் செய்தால், "தோ, வந்துக்கினே இருக்கேன்" என்பார். அப்போது கடையில் மூட்டைதான் எடை போட்டுக்கொண்டிருப்பார். அக்கா வண்டியை விரித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"நேத்து உன் ஊட்டுக்காரர் வர்றதுக்குள்ள நான் ஊட்டுக்குப் போயி உலையே வச்சிட்டேன், தெரியுமா?"

ஒருநாள் கேட்டார்: "உனக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"முகையூர்ல ஸ்கூலுக்கு சைக்கிள்லதான் போவேன் அக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் தொடலை."

"குந்து, பாப்போம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். அக்கா என் தோளுக்குத்தான் வருவார். நான் எங்கள் வீட்டு வாசற்படியிலேயே குனிந்து போகிற ஆள். ஒரு மிதி மிதித்ததும் முட்டி போய் ஹேண்டிலில் இடித்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒட்டகம் மேல ஏறுவாங்க, ஒட்டகம் ஏறி இப்பதான் பாக்குறேன்." பிறகு சீட்டை மேலே இழுத்துப் பார்த்தார். அதன் கம்பி அதற்குமேல் இல்லை. "இந்தக் கம்பி உனக்குக் காணாது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். நான் மரத்தடிக்குத் திரும்பினேன்.

அடுத்து நடுக் கீலை இறுக்கும் திருகின் மரை தேய்ந்தது. லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து தரச் சொல்லலாம். ஆனால் மாதிரிக்குத் திருகைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் வண்டி படுத்துவிடும். அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். குளிக்கிற சோப்பை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, திருகை நடுவில் வைத்து அழுத்தி எடுப்பார். இரண்டு பாதியிலும் அச்சு விழுந்திருக்கும். தலை, தண்டு, மரை எல்லாம் அதில் தெரியும். சாமான் வண்டியிலேயே இருக்க, சோப்பு கடை கடையாகப் போகும். அந்த முறை சோப்பை நான் வாங்கிக்கொண்டேன், விழுப்புரத்தில் எங்கள் வாடிக்கைப் பட்டறையில் காட்டுவதாக.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "இன்னா கலா, புது சோப்பு ரெண்டா கீது, நடுவுல பள்ளம் வேற? எலி கடிச்சுதா?" நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் அக்காவின் திருகு நுரையாகி அவர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது.

பயந்துகொண்டே ரயிலில் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "என் ஸ்க்ரூவுல குளிச்சவர் நல்லா வெள்ளையாகி இருப்பாரே" என்று பல நாள் விசாரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அச்சு எடுத்த சோப்பை அவரே காகிதத்தில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, மேலே "சாப்பிடவும் கூடாது" என்று எழுதிக் கொடுப்பார்.

இப்படிச் சிரித்த மனுஷி நோயைப் பற்றி மட்டும் கடைசிவரை ஒழுங்காகச் சொல்லவில்லை. விடுப்பு எடுத்தார். "சும்மா, கொஞ்சம் வயிறு சரியில்லை" என்றார். பிறகு காதர் பாய் வந்து, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அவரைக் கோட்டக்குப்பத்துக்கு அழைத்துப்போனார். கூப்பிட்டும் போகாதவர் இப்போது போகிறார் என்றபோதே நோய் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சில வாரம் கழித்துப் போன் வந்தது. குரல் மெலிந்திருந்தது, அதிகாரம் மெலியவில்லை.

"கலா, ஒரு சாமான் வேணும்டி. சீட்டுக் கம்பி. இருக்கறதை விட நீட்டமா."

"எதுக்கு அக்கா இப்ப?"

"வாங்கிக்கினு வாயேன். தரையில நிக்க வச்சா உன் முட்டிக்கு மேல ஒரு சாண் வரணும். தேடறது நீதானே, அதான் உன்னையே வச்சு அளவு சொல்றேன். ஜல்தி."

அவர் திரும்ப ஓட்டப் போகிறேன் என்று நம்புகிறார், அதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருக்கிறது என்று காதர் பாய் சொல்லியிருந்தார். போனை வைத்துவிட்டு அழுதேன். "படுத்துக்கினு கீறவங்களுக்கு எதுக்கு இது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அக்கா ஒன்று கேட்டு நான் இல்லை என்று சொல்ல முடியாது.

மடக்கு சைக்கிளின் சீட்டுக் கம்பி மற்ற சைக்கிள்களின் கம்பியைப் போல் இருப்பதில்லை, குழாய் பருமன். காதர் பாய் ஊர்க்காரர் ஒருவரிடம் சோப்பு கொடுத்தனுப்பினார், குழாய் வாயின் வட்டம் பதிந்த சோப்பு. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். திண்டிவனம் கடைக்காரர் சோப்பைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார். புதுச்சேரிக்குத் தனியாக பஸ் ஏறிப் போனேன். அங்கே இருந்ததெல்லாம் ஒன்று ஒல்லி, இல்லையென்றால் குட்டை. எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தால்தான் உண்டு என்று இருந்தவள், வழி கேட்டுக் கேட்டு, சந்து சந்தாக நுழைந்து வந்தேன். அப்போது அதை நான் கவனிக்கவில்லை. கால் வலித்ததுதான் தெரிந்தது.

கடைசியில் அது விழுப்புரத்திலேயே கிடைத்தது. ரயில்வே கேட் பக்கம் ஒரு காயலாங்கடையில், யாரோ எடை குறைக்க வாங்கி, மனசு மாறிப் போட்டுவிட்ட உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் சீட்டுக் கம்பி நல்ல பருமன், நல்ல நீளம். சோப்பு வட்டத்தில் வைத்தேன். மயிரிழை பெரிது. பட்டறையில் மேலாகச் சீவிக் கொடுத்தார்கள்.

கோட்டக்குப்பத்துக்கு எடுத்துப் போனேன். அக்கா கட்டிலில் ஒரு துணியைப் போலக் கிடந்தார். கம்பியை இரண்டு கையாலும் வாங்கினார். தடவிப் பார்த்தார். "எழுந்து நில்லுடி" என்றார். நின்றேன். கட்டில் பக்கமாகக் கம்பியை என் காலோடு சேர்த்து நிறுத்தச் சொன்னார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரியா இருக்குது. அண்ணனை மாட்டி வைக்கச் சொல்றேன்."

"எப்ப அக்கா திண்டிவனம் வர்றீங்க? பெட்டியில எல்லாரும் கேக்கறாங்க."

"வர்றேன், வர்றேன். நீ இன்னும் இன்னா குந்திக்கினு இருக்க? இருட்டறதுக்குள்ள பஸ்ஸைப் பிடி. யாருக்கும் போன் பண்ணாத, நீயே போ."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மவுத்தான அன்று விழுப்புரத்தில் இறங்கி, அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, ரயில் பெண்கள் எல்லோரும் கோட்டக்குப்பம் போனோம். முகத்தைக் காட்டினார்கள். வெள்ளைத் துணிக்குள் சின்ன முகம். அடக்கம் செய்யும் இடத்துக்கு ஆண்கள் தூக்கிப் போனார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். திரும்பும்போது காதர் பாய் என்னை மட்டும் கூப்பிட்டு, பூப்போட்ட பெட்ஷீட் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.

"உங்களுக்குன்னு சொல்லிட்டுப் போச்சும்மா. நானே மாட்டினேன். சீட்டை எந்த உயரத்துல நிறுத்தணும்னு படுத்துக்கினே சொல்லிச்சு, கோடு கிழிச்சு வச்சிருக்கேன்."

வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைத் தட்டி, "தையல் மிஷினா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதை வீட்டில் வைத்துக்கொண்டு சில நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் திங்கட்கிழமை ரயிலில் எடுத்துப் போனேன். கதவோரம் அதே இடத்தில் சாய்த்து வைத்தேன். மயிலத்து நர்ஸ் பெட்ஷீட்டின் சுருக்கத்தை நீவி விட்டார். விழுப்புரத்தில் அதை அவிழ்க்கத் துணிவு வரவில்லை, ஷேர் ஆட்டோவில்தான் போனேன். மாலை திண்டிவனத்தில் இறங்கி, வேப்பமரத்தடியில் நின்றேன். வீட்டுக்காரர் வரவில்லை. முடிச்சை அவிழ்த்தேன்.

கீலைத் திறந்து, ஹேண்டிலை நிமிர்த்தி, திருகை இறுக்கினேன். சீட்டைக் காதர் பாய் கிழித்த கோடு வரைக்கும் இழுத்து நிறுத்தினேன். அது என் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. அந்த உயரத்தில் ஏறி உட்கார்ந்தால் அக்காவின் கால் பெடலைத் தொடாது. கனவில்கூடத் தொடாது. கட்டிலருகே என்னை நிற்க வைத்து அவர் அளந்து பார்த்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டேஷன் வாசல் என்றும் பார்க்காமல் அழுதேன்.

ஹேண்டிலில் கிளிப் இரண்டும் மாட்டியிருந்தன. ஒன்று நீலம், ஒன்று ரோஸ். எடுத்துப் புடவைக் கொசுவத்தை ஒதுக்கிப் பிடித்து வைத்தேன். ஏறி உட்கார்ந்தேன். முட்டி இடிக்கவில்லை. அப்போது போன் அடித்தது.

"கலா, எங்க நிக்கிற? தோ, வந்துக்கினே இருக்கேன்."

"வராதீங்க. நான் கெளம்பிட்டேன்."

"கெளம்பிட்டியா? எதுல?"

"எங்க அக்கா வண்டியில."

ரஷீதா அக்கா, போய் வாருங்கள். கடைத்தெரு முனையில் கொஞ்சம் தள்ளாடினேன், விழவில்லை. வீட்டுக்குப் போய், பூட்டைத் திறந்து, உலையும் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகுதான் வந்தார்.