நாற்பது மில்லிமீட்டர் ஸ்லீவ்

1. குரங்கு, திருடன், சேவியர்

தஞ்சோங் காராங் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்துப் பாலத்தின் கீழே எங்கள் ஃபைபர் கேபிளின் இணைப்புப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. ஏழு வாரத்தில் மூன்றாவது முறையாக அதற்குள் இழை அறுந்தபோது அலுவலகத்தில் ஆளுக்கொரு குற்றவாளியை வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் குரங்கு. இன்னொருவருக்குச் செம்பு திருடுகிறவன். கண்ணாடி இழையில் செம்பு இருக்காது என்று தெரியாத திருடனும் இந்த வட்டாரத்தில் உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கு சேவியர்.

சேவியர் எங்கள் ஸ்பிளைசர், அதாவது அறுந்த இழைகளை உருக்கி ஒட்டுகிறவர். அதற்கு முன் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். நான் தரச் சோதனை அதிகாரி. யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முதலில் ஒட்டியவரும் அவரே, பழுது பார்க்கப் போனவரும் அவரே. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த அன்று மெஷின் காட்டிய ஒளி இழப்பின் அளவு சுத்தமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து இழை அறுந்தது. அளவு அத்தனை சுத்தமாக இருந்ததே என் சந்தேகத்தைக் கூட்டியது.

மேலாளர் குணாவுக்கோ சந்தேகமே இல்லை.

"திரும்பத் திரும்பக் கூப்பிடணும்னு அவனே ஏதோ பண்றான் லா. வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் குடுங்க. கார்டை கேன்சல் பண்ணிடறேன்."

கார்டு என்பது இந்த வேலைக்கான அனுமதி அட்டை. அது போனால் சேவியர் நாற்பத்தெட்டு வயதில் மறுபடி லோரி ஏற வேண்டும்.

2. பதினாறு

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் இளையவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். இழை என்பது தலைமுடி அளவுக் கண்ணாடி. அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு. ஒட்டுவதற்கு அந்தப் பூச்சை உரிக்க வேண்டும். உரித்த கண்ணாடி வளையாது, உடையும். ஆகவே ஒட்டிய பிறகு ஸ்லீவ் என்ற சிறு குழாயால் அந்த இடத்தை மூடிச் சூடு காட்டுகிறோம். குழாய் சுருங்கி, போன பூச்சின் வேலையைச் செய்கிறது. உரிக்காத பூச்சின் மேலும் இரு பக்கமும் அது ஏறி நிற்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே ஸ்லீவை இழையில் கோத்துவிட வேண்டும். மறந்தால் வெட்டிவிட்டு முதலிலிருந்துதான்.

இதற்கான செய்முறைத் தாளை எழுதியவன் நான். ஒட்டின் ஒரு பக்கத்துக்குப் பதினாறு மில்லிமீட்டர் உரித்த கண்ணாடி என்பது அதன் நான்காவது வரி.

அந்தப் பாலத்தில் முதன்முதலாக இழைகளை ஒட்டிய நாளில் சேவியர் பத்து மில்லிமீட்டரில் வெட்டிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"இந்த ஸ்லீவுக்குப் பத்து போதும் லா அண்ணே."

"தாளில் எவ்வளவு இருக்கு?"

"பதினாறு."

"அப்ப பதினாறு."

பன்னிரண்டு இழைகளையும் மறுபடி ஒட்ட வைத்தேன். குறுக்கு வழி தேடுகிற ஆள் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

3. பாலத்தின் கீழே

மூன்றாவது பழுதுக்கு, வியாழக்கிழமை, சொல்லாமல் போனேன். சேவியர் மடக்கு மேசை போட்டு, பெட்டியை இறக்கி வைத்திருந்தார்.

"என்னா அண்ணே, திடீர்னு? வேவு பார்க்கவா?"

"சோதனைக்கு."

"ரெண்டும் ஒன்னுதான் லா."

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒட்டு நன்றாக இருந்தது. இழை அறுந்திருந்தது ஸ்லீவின் வாயில். அங்கே ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி மூடாமல் வெளியே நின்றது. தேடி வந்தது கிடைத்துவிட்டது.

"ஸ்லீவை நடுவில் வைக்கக்கூடத் தெரியாதா?"

சேவியர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட என் செய்முறைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் ஒரு புது ஸ்லீவ். பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

"ரெண்டு பக்கமும் சேத்துக் கண்ணாடி முப்பத்திரெண்டு. ஸ்லீவ் நாப்பது. ஒரு பக்கத்துக்கு மிச்சம் நாலு. சூட்டுல சுருங்கிக் கொஞ்சம் நகந்தாலும் கண்ணாடி வெளிய வந்துரும். மேல நாள் முழுக்க லோரி போகுது. வேற என்னா ஆகும்?"

முன்பு எங்களிடம் இருந்தது அறுபது மில்லிமீட்டர் ஸ்லீவ். புதுப் பெட்டியின் தட்டில் அது உட்காராது என்று ஸ்டோரில் நாற்பதுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றக் கடிதம் என் மேசைக்கு வந்தது. 'செய்முறையில் திருத்தம் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

"அப்பவே விவரமா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே அண்ணே. பத்து போதும்னு. பன்னெண்டையும் அறுக்க வச்சீங்க."

மேலே ஒரு லோரி போனது. தட்டில் இருந்த இழைகள் நடுங்கின. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. சேவியரின் கைகளைத்தான் கவனித்திருக்கிறேன்.

4. காரணம்

பழுது அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் எழுதியதைக் குணா இரண்டு முறை படித்தார்.

"உங்க பேரையா போடுவீங்க? ரெண்டு மாசத்துல ரிட்டையர். குரங்குன்னு போட்டுட்டுப் போங்க லா."

ஒரு நிமிடம் யோசிக்காமல் இல்லை. குரங்கு மறுப்புக் கடிதம் எழுதாது. ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில் இழை மறுபடி அறுந்தால் குணா குரங்கின் கார்டையா பறிப்பார்? எழுதியதை மாற்றவில்லை. முப்பத்தொரு வருடத்தில் என் கோப்பில் ஏறிய ஒரே எச்சரிக்கைக் கடிதம் அதுதான்.

பொருள் மாறினால் தாளை முதல் வரியிலிருந்து அளந்து பாருங்கள். தாளை எழுதியவர் நீங்களே என்றால் இரண்டு முறை அளந்து பாருங்கள். மற்றவர்களைச் சந்தேகிப்பதில் எனக்கிருந்த திறமையில் பாதியை என் கையெழுத்தின் மேல் காட்டியிருந்தால் போதும்.

திங்கட்கிழமை பாலத்தின் கீழே பன்னிரண்டு இழைகளையும் பத்து மில்லிமீட்டரில் ஒட்டத் தயாரானோம். திருத்திய தாளைக் கொடுத்தேன். சேவியர் ஸ்லீவை அளந்தார். தாளைப் படித்தார். 'பத்து' என்ற இடத்தில் விரலை வைத்து என்னிடம் பேனாவை நீட்டினார். மறு கையில் ஃபோன் படம் எடுக்கத் தயாராக இருந்தது.

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு அண்ணே. நீங்க கையெழுத்து போடுங்க."

போட்டேன்.