பிலோமினா அக்கா சுவரிலிருந்து கழற்றிய சான்றிதழ்

பிலோமினா அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. மந்தாரக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எங்களோடு வேலை பார்த்த நர்ஸ் கலா அழைத்தார். "அக்கா போயிட்டாங்கடா. மாரடைப்பு. நாலு மணிக்கு கல்லறைக்கு எடுக்கறாங்க." அடக்கத்துக்கு வந்தவர்களில் பலர், "சண்டைக்காரங்க, ஆனா நல்லவங்க" என்றார்கள். அந்த 'ஆனா' எனக்குப் பிடிக்கவில்லை. அவர் எதற்காகச் சண்டை போட்டார் என்று தெரிந்தவர்கள் சிலர்தான். அந்தச் சண்டைக்குக் காரணமான தப்பைச் செய்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமின் மருந்தகத்தில் அவர் மருந்தாளுநர். நான் ஸ்டோரில் மருந்துப் பெட்டிகளை இறக்கி அடுக்குபவன். மாதக் கடைசியில் தேதி முடிந்த மருந்துகளைப் பிரித்தெடுத்து, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிய பெட்டியில் போட்டு அக்கா பூட்டிவிடுவார். அவற்றை மஞ்சள் பையில் கட்டி, எரித்து அழிக்க அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்தின் வண்டியில் ஏற்ற வேண்டும். முதலாளி அந்த வண்டியை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்கா கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்பார்.

அக்கா விடுப்பில் இருந்த ஒரு நாள், முதலாளி என்னிடம் அந்தப் பெட்டியின் சாவியைக் கொடுத்தார். "மண்மேட்டுப் பக்கம் கொட்டிட்டு வா. மலை மலையா கொட்டிக் கெடக்குது, இது எந்த மூலைக்கு?" சுரங்கத்தில் வெட்டிய மண்ணை மலையாகக் குவித்து வைத்திருக்கும் ஊர் இது. இங்கே எதைக் கொட்டினாலும் யாருக்கும் உறுத்துவதில்லை. எனக்கும் உறுத்தவில்லை. மேட்டை ஒட்டிய வடக்குத்து ஊர்ப் பக்கமாக இரண்டு மூட்டைகளைக் கொட்டிவிட்டு வந்து டீ குடித்தேன்.

பத்து நாள் கழித்து, வடக்குத்திலிருந்து காண்ட்ராக்டில் துப்புரவு வேலைக்கு வரும் அஞ்சலை ஒரு மாத்திரை அட்டையோடு மருந்தகத்துக்கு வந்தார்.

"இது எதுக்குங்க? எத்தினி வேளை போடணும்?"

அக்கா திருப்பிப் பார்த்தார். தேதி முடிந்து எட்டு மாதம். அவர் தன் கையால் பெட்டியில் போட்ட அட்டை அது.

"எங்க கெடைச்சுது?"

"மேட்டாண்டங்க. டவுன்ஷிப் மாத்திரை. எங்க தெருவே அள்ளிகினு வந்துச்சு. கம்பெனி பொருளு கெட்டா பூடும்?"

சுரங்கக் கம்பெனி ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் கழித்துப் போட்ட கட்டிலையும் மின்விசிறியையும் சுற்றியுள்ள ஊர்கள் காலங்காலமாகப் பழுது பார்த்துப் புழங்குகின்றன. உள்ளே குப்பை, வெளியே நல்ல பொருள். சுரங்கத்துக்கு நிலம் போய் காண்ட்ராக்ட் துடைப்பம் கைக்கு வந்த ஜனங்கள் மாத்திரையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். குப்பையை நம்பித்தான் வாழ வேண்டும் என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

கொட்டியது நான்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட அக்கா, அன்று மாலையே என்னை இழுத்துக்கொண்டு அஞ்சலையின் தெருவுக்குப் போனார். ஒருவரும் மாத்திரையைத் தரவில்லை. "எங்க வூட்ல ஏது?" என்று கதவைச் சாத்தினார்கள். "குப்பைல கெடந்தத எடுத்ததுக்குத் திருட்டுப் பட்டம் கட்ட வந்துட்டீங்களா?" என்றாள் ஒரு பெண்.

அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நீ சொல்லு."

நான் மறுபடி அவர் பின்னால் போய் நின்றேன்.

"வெக்கப்பட்டுகினு நிக்காத. அடுத்த வேளை போட்டுடப் போறாங்க."

"நான்தான் கொட்டினேன். கெட்டுப்போன மாத்திரை. யாரும் திருடல" என்றேன்.

"ஏண்டா, கொட்றதுக்கு ஒனக்கு எங்க ஊருதான் கெடைச்சுதா?" என்று அதே பெண் கேட்டாள். பிறகு முந்தானையிலும் டப்பாவிலுமாகக் கொண்டுவந்து அக்காவின் பையில் போட்டார்கள். அஞ்சலையின் மாமனார் தலைசுற்றலுக்கென்று மூன்று நாளாக ரத்த அழுத்த மாத்திரை விழுங்கியிருந்தார். எழுந்தால் விழுந்தார். அக்காவே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனையில் சேர்த்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். கைக்கு வராத அட்டைகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் முதலாளி ஒரு தாளை நீட்டினார். மருந்துகளைக் கழிவு வண்டியில் முறைப்படி ஒப்படைத்துவிட்டதாக எழுதியிருந்தது. "ஒரு கையெழுத்துதானேம்மா."

அக்கா நாற்காலியில் ஏறி, சுவரில் மாட்டியிருந்த தன் மருந்தாளுநர் சான்றிதழைக் கழற்றினார். அது இல்லாமல் மருந்தகத்தைத் திறக்க முடியாது. அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். "வண்டி வந்து ஏத்தட்டும். அப்புறம் மாட்றேன்."

"ஒங்களுக்குப் படிக்கிற பொண்ணு இருக்குல்ல?" என்றார் முதலாளி.

"இருக்கு சார். மருந்துக் கடை வேலைக்கு மட்டும் போவாதன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

இரண்டு நாள் ஷட்டர் இறங்கியே கிடந்தது. மூன்றாம் நாள் வண்டி வந்தது. தெருவில் திரட்டியதையும் சேர்த்து மஞ்சள் பைகளில் ஏற்றிவிட்டுத்தான் சான்றிதழை மாட்டினார்.

இதை வெற்றி என்று எழுத எனக்கு ஆசைதான். மூன்று மாதத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சுவரில் வேறொருவரின் சான்றிதழ் தொங்கியது. அந்த ஆளை நாங்கள் பார்த்ததே இல்லை. காகிதம் மட்டும் வாடகைக்கு வந்தது. எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் இன்னும் ஆறு மாதம் அங்கேயே வேலை பார்த்தேன்.

பிறகு அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஒன் மன்னிப்ப வெச்சிகினு நான் இன்னா பண்றது? போற எடத்துல எல்லாம் கேளு, தேதி முடிஞ்சத எங்க குடுக்கறாங்கன்னு" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் கேட்கிறேன். சிலர் மருந்துக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிய சீட்டை எடுத்துக் காட்டுகிறார்கள். சிலர், "நீங்க யாரு, இன்ஸ்பெக்டரா?" என்கிறார்கள்.

"இல்லை, கொட்டினவன்" என்று சொல்கிறேன்.