தண்ணீர் ஊற்றிப் போட்ட குழி

கடை மேசைமேல் அன்றைக்கு இரண்டு உளிகள் கிடந்தன. ஒன்று என் மச்சினன் கொண்டுவந்தது. ரப்பர்க் கைப்பிடி, முனையில் மாட்டிக் கழற்றுகிற, திருகு வரி ஓடிய துளை பிட், மொத்தமே ஒரு சாண் நீளம். தபாலில் வரவழைத்திருந்தான். மற்றது, கிணறு வெட்டுகிறவர்களுக்காக நான் பட்டறையில் அடித்து வாங்கி வைத்திருக்கும் எஃகு உளிகளில் ஆக ஒல்லியானது. கோவில்பட்டியில் மூன்று தலைமுறையாக இரும்புக்கடை வைத்திருக்கிறவர்கள் நாங்கள். எந்தச் சாமானையும் கையில் தூக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

மச்சினனுக்கு மணியாச்சியில் ரயில் பாதை வேலை. வெளியூருக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் கயிறு கட்டிப் பாறையேறக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான். கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் முடிகிற இடத்தில், ஆடுகூட ஏறாத ஒரு மொட்டைக் கரடு இருக்கிறது. அதன் முகத்தில் ஆளுயரத்துக்கு ஒன்றாகக் குழி போட்டு, உள்ளே விரிந்து கல்லைக் கவ்வுகிற போல்ட் இறுக்கி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும் என்பது அவன் ஆசை. அங்கே மின்சாரம் ஏது, கையால்தான் துளைக்க வேண்டும். தவறி விழுந்தால் அவனைத் தாங்கப்போவது அந்த போல்ட்தான். அதனால் எந்த உளி நல்லது என்று என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வந்திருந்தான்.

“அத்தான், குழி அளவு மாறாம இருக்கணும். உள்ள ஒரு பொட்டுத் தூசி நிக்கக் கூடாதாம். நின்னா போல்ட்டு பிடிக்காது” என்றான். தூசியை ஊதித் தள்ள ஒரு ரப்பர்ப் பந்தும் சின்ன பிரஷும் அதோடு வந்திருந்தன. நான் பந்தை அமுக்கிப் பார்த்தேன். “என்ன மாப்ள, பாறைக்குச் சளி பிடிச்சிருக்கா?” என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது.

எங்கள் பக்கத்தில் கிணற்றுப் பாறையில் வெடிக்குக் குழி போடுகிறவர்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் அடிப்பார்கள். தூசி பறக்காது, உளி சூடேறாது, கல்மாவு கூழாகி வெளியே வந்துவிடும். “தண்ணிய ஊத்தி அடி. நம்ம ஊர்க் கல்லு நம்ம உளிக்குத்தான் கேக்கும்” என்று சொல்லி, ஒல்லி உளியைச் சாக்கில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். அதற்கேற்ற போல்ட்டுகளையும் நானே பொறுக்கிக் கொடுத்தேன். அவன் கொஞ்ச நேரம் அந்த ரப்பர்க் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றான். அக்காவைக் கட்டினவர் எடுத்துக் கொடுத்ததை நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். உச்சியில் கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டு, சுத்தியலால் ஓர் அடி, உளியை ஒரு திருப்பு, மறுபடி ஓர் அடி. முழங்கை வரைக்கும் வெள்ளைக் கூழ். ஒரு குழிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதல் போல்ட்டை ஸ்பானர் போட்டு இறுக்கியதும் கீழே பார்த்து, “கல்லோட கல்லா நின்னுட்டு அத்தான்” என்று கத்தினான். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

வெடிக்குப் போடும் குழி அன்றைக்கே தூளாகப் போவது. அதன் சுவரில் கூழ் ஒட்டியிருந்தால் யாருக்கு என்ன? போல்ட் வருஷக்கணக்கில் நிற்க வேண்டியது. ஒட்டிய கூழ் காய்ந்து பல்லிமுட்டை ஓடு மாதிரி ஆகிவிடும், இறுக்கும்போது மட்டும் பிடித்ததுபோலக் காட்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூடப் பொய்தான். தெரிந்தவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. சித்திரை வெயிலில் ஒருநாள், உச்சிக் கயிறு இல்லாமல் போல்ட்டுகளை மட்டும் நம்பி ஏறியபோது, உச்சிக்கு இரண்டு ஆள் உயரம் கீழே அவன் சறுக்கினான். மேல் போல்ட் உருவிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் அடுத்ததும், அதற்கடுத்ததும் வந்தன. மூன்றின் மேலும் கல்மாவு உறை போட்டதுபோல் ஒட்டியிருந்தது.

இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இனி வராது என்று பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் விசாரித்த சொந்தக்காரர்களிடம், உளி, போல்ட் எல்லாம் தானேதான் தேடிப்பிடித்து வாங்கியதாக அவன் சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலில் சில மாதம் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வயதான என் மாமியார்தான் கூட இருக்கிறார். அவனைப் புரட்டிப் படுக்கவைக்க அவருக்குத் தெம்பில்லை.

ஞாயிறுதோறும் நானும் என் மனைவியும் மணியாச்சிக்குப் போகிறோம். அவள் தம்பியின் முதுகைத் துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, பவுடர் பூசுவாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்ய, வாய் திட்டும். “ஏலே, அத்தான் இரும்புக்கடையே வச்சிருக்காவ. அவியகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் செஞ்சிருக்கப்பிடாதா?” வாராவாரம் இதே கேள்விதான். “எனக்குத்தான் புத்தி இல்லக்கா” என்று சுவரைப் பார்த்துச் சொல்வான். நான் குனிந்து பழம் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அவள் துணி அலசக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். இன்றைக்கு அவளிடம் சொல்லிவிடப்போகிறேன் என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கையில் இன்னும் பலம் இருக்கிறது.

“வேண்டாம் அத்தான். சொன்னா அக்கா உங்க மூஞ்சில முழிக்கமாட்டா. அவளுக்குத் தனியா பஸ் ஏறி வரவும் தெரியாது. இங்கன வாரது நீங்க ரெண்டு பேருதான்.”

சரி என்று தலையாட்டினேன். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.